துருக்கர் பிள்ளைகளுக்கு ஆங்கிலேயர் எப்படித் தலைவரானார்? டர்கோபோலியர் பதவி பற்றி ஒரு சந்தேகம்

நிலாமுற்றம்:

வணக்கம் நண்பர்களே. ரோட்ஸ் தீவிலும் மால்டாவிலும் இருந்த புனித யோவான் சபை நைட்டுகளைப் பற்றி இரண்டு மாதமாகப் படித்து வருகிறேன். ஹாஸ்பிடலர்கள் என்று சொல்வார்களே, அவர்கள்தான். சபைக்குள் நைட்டுகள் பிறந்த நாட்டை வைத்து 'மொழி' என்ற பெயரில் குழுக்களாகப் பிரிந்திருந்தார்கள். ஒவ்வொரு மொழியின் தலைவருக்கும் சபை முழுவதற்குமான ஒரு பெரிய பதவி உண்டு. ப்ரோவென்ஸ் தலைவர் பெரும் கமாண்டர். ஓவெர்ன் தலைவர் மார்ஷல், அதாவது படைத்தலைவர். பிரான்ஸ் தலைவர் மருத்துவமனையைப் பார்த்துக்கொண்டார். இத்தாலிக்கு அட்மிரல், அதாவது கப்பற்படை. இது வரைக்கும் சரி, பெயரைப் பார்த்தாலே வேலை புரிகிறது.

இங்கிலாந்து மொழியின் தலைவருக்கு மட்டும் 'டர்கோபோலியர்' என்று ஒரு பட்டம். அகராதியைப் பார்த்தால் 'துருக்கரின் பிள்ளைகள்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்கிறது. துருக்கரோடு போரிடுவதற்காகவே இருந்த சபையில், ஆங்கிலப் பிரபுக்களின் தலைவருக்கு இப்படி ஒரு பெயர் ஏன்? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பழையஏடு:

நல்ல கேள்வி அம்மா. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் பெயர். பைசாந்தியப் படையில் 'டூர்கோபூலோய்' என்ற குதிரைப்படையினர் இருந்தார்கள். துருக்க வழியில் வந்து பேரரசருக்குச் சேவகம் செய்தவர்கள். முதல் சிலுவைப்போரின்போது, 1097 வாக்கில், பிராங்குகள், அதாவது மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த சிலுவைவீரர்கள், இவர்களை நேரில் பார்த்தார்கள். சொல்லும் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் போரில் கூடவே போன ரேமோன் ஆகிலேர் என்ற பாதிரியார், துருக்கரிடையே வளர்ந்தவர்கள் அல்லது துருக்கத் தகப்பனுக்கும் கிறிஸ்தவத் தாய்க்கும் பிறந்தவர்கள் என்று இவர்களை விளக்குகிறார்.

ஜெருசலேமைப் பிடித்த பிறகு பிராங்குகளுக்கு ஒரு சிக்கல் வந்தது. அவர்களுடைய பலம் முழுக்கக் கனமான கவசம் போட்ட நைட்டுகளின் நேர்ப் பாய்ச்சலில் இருந்தது. அது ஒரு தடவைதான் பாயும். பாய்ந்த பிறகு குதிரைகள் களைத்துவிடும். எதிரியோ ஓடும் குதிரையிலிருந்தே அம்பு விட்டு, விலகி, மறுபடி வந்து அம்பு விடுகிறவன். அவனோடு ஓடிப் பிடிக்கவும், முன்னால் போய் வேவு பார்க்கவும், அவன் பாணியிலேயே அம்பு விடவும் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு உள்ளூரில் எடுத்த இலகுக் குதிரைப்படைதான் டர்கோபோல்கள். அவர்களை நடத்தும் அதிகாரி டர்கோபோலியர்.

இந்தப் பதவியை ரொம்பத் துல்லியமாகக் காட்டுவது, ஹாஸ்பிடலர்களைப் போலவே போரிட்ட இன்னொரு துறவற சபையான டெம்ப்ளர் சபையின் விதிநூல். 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதில் சேர்ந்த பகுதியில் ஒவ்வோர் அதிகாரிக்கும் எத்தனை குதிரை, எத்தனை பணியாள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சாதாரண நைட்டுக்கு 3 குதிரை, நைட்டுக்குக் கீழ்நிலை வீரரான சார்ஜெண்டுக்கு 1. டர்கோபோலியருக்கு 4. பெருந்தலைவருக்கும் 4, மார்ஷலுக்கும் 4! குதிரையை வைத்துப் பார்த்தால் இவர் மேல்மட்டத்து ஆள்.

ஆனால் அதிகாரத்தை வைத்துப் பார்த்தால் கதை வேறு. டர்கோபோல்கள் போரிலும் அமைதியிலும் அவருக்குக் கீழே. சார்ஜெண்ட் சகோதரர்கள் ஆயுதம் ஏந்தி நிற்கும்போது மட்டும் அவருக்குக் கீழே, கோட்டைக்குத் திரும்பிவிட்டால் இல்லை. நைட்டுகள்? வேவுக்குப் போகும்போது ஐந்து, ஆறு, எட்டு நைட்டுகளை அவரோடு அனுப்பினால் அவர்களும் அவர் சொல் கேட்க வேண்டும். ஆனால் பத்து நைட்டுகள் தங்கள் கமாண்டரோடும் கொடியோடும் வந்துவிட்டால், டர்கோபோலியர் அந்தக் கமாண்டரின் சொல்லைக் கேட்க வேண்டும்.

ஒன்பது நைட்டு வரை இவர் தலைவர், பத்தாவது ஆளும் கொடியும் வந்தால் இவர் கீழே. ஒரு பதவியின் உயரத்தை இவ்வளவு நுணுக்கமாக அளந்து வைத்த இன்னொரு விதியை நான் பார்த்ததில்லை.

மதில்மேல்:

பழையஏடு ஐயா, அருமை. ஒரே ஒரு இடத்தில் மறுப்பு. 'துருக்க அப்பா, கிறிஸ்தவ அம்மா' என்ற விளக்கத்தை ரொம்ப நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. அது 1099 ஒட்டிய காலத்தில், பைசாந்திய டர்கோபோல்களை வைத்து ஒரு பாதிரியார் சொன்னது. அப்புறம் 150 வருடத்துக்கு மேல் பிராங்கு நாடுகள் டர்கோபோல்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தன. இவ்வளவு பேருக்கும் கலப்புக் குடும்பங்களிலிருந்தே ஆள் கிடைத்திருக்க முடியாது. சிரியக் கிறிஸ்தவர்கள் இருந்திருப்பார்கள், மதம் மாறியவர்கள் இருந்திருப்பார்கள், கனமான கவசம் வாங்கக் காசில்லாத ஏழை பிராங்குகளும் இருந்திருப்பார்கள். திர் நகரப் பேராயர் வில்லியம் இவர்களைக் குறிப்பிடும்போது 'இலகுவான ஆயுதம் தாங்கிய குதிரை வீரர்கள்' என்றுதான் சொல்கிறார், பிறப்பை இழுக்கவில்லை. என்னைக் கேட்டால், சீக்கிரமே இது ஓர் இனப்பெயராக இல்லாமல் ஒரு படைப்பிரிவின் பெயராக மாறிவிட்டது.

எண்ணிக்கைக்கு ஒரு நல்ல சான்று சஃபெட் கோட்டை. 1240இல் டெம்ப்ளர்கள் அதைத் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். அதைப் பற்றி அந்தக் காலத்திலேயே எழுதிய ஒரு லத்தீன் குறிப்பு அங்கே இருந்த ஆட்களை அப்படியே கணக்கெடுக்கிறது: 50 நைட்டுகள், 30 சார்ஜெண்டுகள், 50 டர்கோபோல்கள், 300 குறுக்குவில் வீரர்கள், வேலையாட்கள் 820, அடிமைகள் 400. அமைதிக் காலத்தில் அந்தக் கோட்டையில் தினமும் 1700 பேருக்குச் சாப்பாடு, போர் வந்தால் 2200 பேருக்கு.

நைட்டுகள் 50, டர்கோபோல்கள் 50. சமம்! அவர்கள் இல்லாமல் எந்த நைட்டும் கோட்டை வாசலைத் தாண்டியிருக்க மாட்டார்.

பழையஏடு:

தம்பி, அதை ஒத்துக்கொள்கிறேன். பிறப்பை விட வேலையே பெயரைத் தாங்கியது என்பது சரி. உங்கள் கணக்குக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைக்கிறேன். 1168இல் ஜெருசலேம் அரசர் அமால்ரிக் எகிப்து மேல் படையெடுத்தபோது ஹாஸ்பிடலர் தலைவர் கில்பர்ட் அசாய்லி 500 நைட்டுகளும் 500 டர்கோபோல்களும் தருவதாக வாக்குக் கொடுத்தார். அங்கேயும் சரிசமம். எகிப்து கிடைத்தால் பில்பைஸ் நகரம் சபைக்கு என்று பேச்சு. எகிப்து கிடைக்கவில்லை, சபை கடனில் மூழ்கியது, கில்பர்ட் 1170இல் பதவியை விட்டு விலகினார்.

வடகரை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்தவன், அதனால் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றுகிறது. டெம்ப்ளர்களும் ஹாஸ்பிடலர்களும் துறவற சபையினர். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். அப்படியென்றால் இந்த டர்கோபோல்களும் வார்த்தைப்பாடு கொடுத்த சகோதரர்களா? சாப்பாட்டு மேசையில் எங்கே உட்கார்ந்தார்கள், செபத்துக்கு வந்தார்களா?

பழையஏடு:

இல்லை. பெரும்பாலும் அவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள். நைட் சகோதரர், சார்ஜெண்ட் சகோதரர், குருவானவர்: இந்த மூன்று பேர்தான் சபையின் உறுப்பினர்கள். டர்கோபோல் வெளியே நின்றவன். அவனுக்குத் தலைவராக இருந்த டர்கோபோலியர் மட்டும் சபைக்குள்ளே இருந்தவர். இந்தப் பதவி ஒரு வாசல்படி மாதிரி என்று நான் நினைப்பது அதனால்தான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

அந்த வேலை எப்படி இருந்தது என்று பார்க்க விதிநூலில் ஒரு காட்சி இருக்கிறது. படை வெளியில் கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிறது. நடுவில் சிற்றாலயக் கூடாரம், சுற்றிக் கயிறு கட்டி அதற்குள்ளே சகோதரர்கள். இரவில் எங்கோ கூச்சல் எழுகிறது. கூச்சலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கேடயமும் ஈட்டியும் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகலாம். மற்றவர்கள் சிற்றாலயத்துக்குப் போய்க் கட்டளைக்குக் காத்திருக்க வேண்டும். கூச்சல் முகாமுக்கு வெளியே என்றால் அனுமதி இல்லாமல் ஒருவரும் நகரக்கூடாது. சிங்கமோ வேறு காட்டு விலங்கோ வந்தாலும் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் அந்த இருட்டில் என்ன நடக்கிறது என்று யார் போய்ப் பார்ப்பது? டர்கோபோலியர் தன் ஆட்களில் ஒருவனையோ இரண்டு பேரையோ அனுப்ப வேண்டும். அவர்கள் போய்ப் பார்த்து வந்து சொன்ன பிறகுதான் மற்ற எல்லாம். நூற்றுக்கணக்கான பேர் ஆயுதத்தோடு அசையாமல் உட்கார்ந்திருக்க, இரண்டு பேர் மட்டும் குதிரையில் இருட்டுக்குள் போகிறார்கள். அந்த இரண்டு பேரும் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை. அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்யும்.

மதில்மேல்:

பிடிபட்டால் அவர்கள் கதி இன்னும் மோசம், அதையும் சொல்லிவிடுகிறேன். பணக்கார நைட்டைப் பிடித்தால் மீட்புப் பணம் கேட்பார்கள். டர்கோபோல் பிடிபட்டால், இஸ்லாத்தை விட்டுப் போனவன் என்ற கண்ணோட்டத்தில் தலை போகும். 1179 ஆகஸ்டில் யோர்தான் நதித் துறையில் டெம்ப்ளர்கள் கட்டிக்கொண்டிருந்த கோட்டையை சலாவுதீன் பிடித்தபோது, கைதிகளில் மதம் மாறியவர்களையும் வில்லாளிகளையும் தனியே பிரித்துக் கொன்றார்கள்.

சரி, கட்டுப்பாடு பற்றி ஒரு வார்த்தை. மார்ஷல் அனுமதி இல்லாமல் டர்கோபோலியர் பாயக்கூடாது, தன்னிடம் உள்ள சார்ஜெண்டுகளை அணிவகுப்பில் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று விதி. விதி அப்படி. களத்தில் நடந்தது வேறு. 1191 செப்டம்பர் 7, அர்சூஃப் போர். ரிச்சர்ட் அரசர் தாக்குதலுக்கு இன்னும் உத்தரவு கொடுக்கவில்லை. படையின் பின் அணியில் இருந்த ஹாஸ்பிடலர்கள் மேல் மணிக்கணக்காக அம்பு மழை, குதிரைகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. கடைசியில் வரிசையை உடைத்துக்கொண்டு முதலில் பாய்ந்த இரண்டு பேரில் ஒருவர் யார் தெரியுமா? ஹாஸ்பிடலர் சபையின் மார்ஷல். ஒழுங்கைக் காக்க வேண்டியவரே அவர்தான்!

நிலாமுற்றம்:

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. இதெல்லாம் பாலஸ்தீனத்தில், பெரும்பாலும் டெம்ப்ளர்கள். இந்தப் பதவி எப்போது ஹாஸ்பிடலர்களிடம் பெரிய பதவியானது? ஆங்கிலேயர் எங்கே நுழைந்தார்கள்?

பழையஏடு:

வருகிறேன் அம்மா.

ஹாஸ்பிடலர்களிடமும் இந்தப் பதவி 13ஆம் நூற்றாண்டில் இருந்தது. ஆனால் அங்கே அது சார்ஜெண்ட் வகுப்பினர் வகித்த சின்னப் பதவி, மார்ஷலுக்குக் கீழே.

1291 மே மாதம் பாலஸ்தீனக் கரையில் பிராங்குகள் கையில் இருந்த அக்கா நகரம் விழுந்தது. ஹாஸ்பிடலர் மார்ஷல் மத்தேயு கிளெர்மோன் தெருச் சண்டையில் இறந்தார். டெம்ப்ளர் மார்ஷல் பீட்டர் செவ்ரி, சமாதானம் பேசப் போன இடத்தில் தலை வெட்டப்பட்டார். மிஞ்சியவர்கள் சைப்ரஸ் தீவில் லிமாசோல் நகரில் ஒதுங்கினார்கள். அங்கே, 1303இல், ஹாஸ்பிடலர்கள் டர்கோபோலியரைச் சபையின் தலைமை அதிகாரிகளில் ஒருவராக உயர்த்தினார்கள். இடமெல்லாம் போன பிறகுதான் பதவி உயர்ந்தது என்பதைக் கவனியுங்கள். வேவு பார்க்கச் சிரியச் சமவெளி இல்லை, விரட்டிப் பிடிக்க எல்லைப்புறம் இல்லை. அப்போதுதான் இவருக்கு மேல்வரிசையில் நாற்காலி.

சைப்ரஸ் அரசிலும் இதே பெயரில் அரச பதவி ஒன்று இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் ஜாக் நோரெஸ் என்பவர் அரசர் முதலாம் பீட்டரின் டர்கோபோலியராக இருந்தார். ஆக அந்தத் தீவில் அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஒரு மதிப்பு இருந்தது.

சில வருடங்களில் ஹாஸ்பிடலர்கள் ரோட்ஸ் தீவைப் பிடித்துக் குடியேறினார்கள். 14ஆம் நூற்றாண்டிலேயே மொழிகள் உறுதியாகி, ஒவ்வொரு பெரிய பதவியும் ஒரு மொழிக்கு என்று பங்கானது. அப்போது மொழிகள் ஏழு, எட்டாவதாகக் காஸ்டீல் 1462இல் சேர்ந்தது. பிரெஞ்சு நிலத்துக்கு மட்டும் மூன்று மொழிகள், அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், பெரிய பதவிகள் மூன்றும் அவர்களுக்கு. கடல் தெரிந்த இத்தாலியருக்குக் கப்பற்படை. ஆங்கிலேயர் எப்போதும் சிலரே. பங்கு போட்டபோது அவர்கள் கைக்கு வந்தது புதிதாக உயர்த்தப்பட்ட இந்தப் பதவி.

அதனால் பெயரைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். ஆங்கிலேயர் யாரும் துருக்கர் பிள்ளைகளைத் தேடிப் போகவில்லை. பங்கில் வந்த நிலத்துக்குப் பழைய பெயர் அப்படியே தங்கிவிடுகிறதே, அதுபோலத்தான்.

மதில்மேல்:

ஐயா, அப்படியானால் ரோட்ஸில் இது வெறும் அலங்காரப் பட்டம்தானே? உதாரணம் சொல்கிறேன். 1480இல் துருக்கப் படை ரோட்ஸை முற்றுகையிட்டபோது டர்கோபோலியர் ஜான் கெண்டல். அவர் தீவிலேயே இல்லை! மேற்கு ஐரோப்பாவில் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயரில் பாவமன்னிப்புச் சீட்டுகள் வினியோகமாயின, அவற்றில் ஒரு பகுதியை லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் வில்லியம் காக்ஸ்டன் அச்சிட்டார். இங்கிலாந்தில் அச்சுத்தொழில் தொடங்கிய புதிதில் வந்த தாள்களில் அவையும் அடக்கம். கரையோரக் குதிரைப்படைத் தலைவர் சீட்டு விற்கிறார் என்றால் அந்தப் பதவியில் படைவேலை எங்கே இருக்கிறது?

பழையஏடு:

தம்பி, கெண்டலைத் தப்பாக எடைபோடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முற்றுகையில் நிற்கும் தீவுக்கு அந்த நேரத்தில் மிகவும் தேவைப்பட்டது பணமும் தானியமும் வெடிமருந்தும். அதைத் திரட்டிய ஆள் கோழை இல்லை.

கெண்டல் என்றதும் எனக்கு அவருடைய பதக்கம்தான் நினைவுக்கு வரும். வெண்கலத்தில் வார்த்த வட்டப் பதக்கம், உள்ளங்கையில் அடங்கிவிடும். முன்பக்கம் கவசம் போட்ட மார்பளவு உருவம், பக்கவாட்டு முகம், தோள் வரை தொங்கும் முடி. சுற்றிலும் லத்தீன் எழுத்தில் 'ஜான் கெண்டல், ரோட்ஸின் டர்கோபோலியர்'. பின்பக்கம் அவர் குலச்சின்னம், 'துருக்கர் முற்றுகைக் காலத்தில், 1480' என்ற வரி. வேலைப்பாடு இத்தாலியப் பாணி. ஓர் ஆங்கிலேயரின் முகத்தோடு வந்த பதக்கங்களில் இதுதான் மிகப் பழையது என்று சொல்வார்கள். அந்த மனிதர் தன்னை உலகத்துக்குக் காட்டத் தேர்ந்தெடுத்த அடையாளம் என்ன பாருங்கள். 'டர்கோபோலியர்'. அந்தப் பெயரை ஒருகாலத்தில் சுமந்தவர்கள் சம்பளத்துக்கு வந்த, கைதியானால் தலை போகும் ஆட்கள். முந்நூறு வருடத்தில் அது வெண்கலத்தில் வார்க்கும் பெருமையாகிவிட்டது.

ரோட்ஸில் வேலையே இல்லை என்பதும் சரியில்லை. தீவைச் சுற்றிக் கடற்கரைக் காவல் இருந்தது. உள்ளூர்க் குதிரைக் காவலர்கள், உயரமான இடங்களில் பார்வையாளர்கள். கப்பல் தெரிந்தால் சேதி சொல்ல வேண்டும். அந்தக் காவலைச் சோதித்து நடத்தும் பொறுப்பு டர்கோபோலியருடையது. எதிரே ஆசிய நிலத்தில் போட்ரும் நகரத்தில் சபையின் கோட்டை ஒன்று உண்டு. அதில் ஒரு கோபுரத்துக்கு இன்றும் ஆங்கிலேயர் கோபுரம் என்றுதான் பெயர். நான்காம் ஹென்றி அரசர் காலத்துக் குலச்சின்னங்கள் அதன் சுவரில் வரிசையாகப் பதித்திருக்கின்றன.

அப்புறம் 1522. சுல்தான் சுலைமான் முற்றுகை. ரோட்ஸ் மதிலை மொழிவாரியாகப் பிரித்துக் காத்தார்கள். இங்கிலாந்துக்கு விழுந்தது தெற்கு மதிலில் ஒரு பகுதி. செப்டம்பர் 4 அன்று அந்தப் பகுதிக்கு அடியில்தான் முதல் பெரிய சுரங்கம் வெடித்தது. மதில் பிளந்தது, அந்தப் பிளவு வழியாக எதிரிகள் ஏறினார்கள். பெருந்தலைவர் வில்லியே லில் ஆடம் தானே ஓடிவந்து சண்டையில் இறங்கினார். அந்த மாதம் முழுக்க ஆங்கிலேயர் பகுதி மேல் திரும்பத் திரும்பத் தாக்குதல். டர்கோபோலியர் ஜான் பக் அந்த முற்றுகையிலேயே இறந்தார். அவர் தீவில்தான் இருந்தார் தம்பி. மதில் மேலேயே இருந்தார்.

மதில்மேல்:

சரி ஐயா, வாபஸ். 'வெறும் அலங்காரம்' என்றது அதிகம்தான். ஆனால் ஜான் பக் மதிலைக் காத்தது ஆங்கிலேயர் தலைவராக. டர்கோபோல்களை நடத்தி இல்லை. பெயருக்கும் வேலைக்கும் இருந்த முடிச்சு தளர்ந்துவிட்டது என்பது என் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. அதோடு, கெண்டல் 1489இலும், தாமஸ் டாக்ரா 1501இலும், வில்லியம் வெஸ்டன் 1527இலும் டர்கோபோலியராக இருந்து இங்கிலாந்து பிரையர், அதாவது அந்த நாட்டில் சபையின் தலைவர், ஆனவர்கள். லண்டனில் பெரிய சொத்து, பெரிய மாளிகை, அரசவையில் இடம். பல பேருக்கு இந்தப் பதவி அந்த நாற்காலிக்கு ஏறும் படியாகத்தான் இருந்தது.

பழையஏடு:

இதை மறுக்க மாட்டேன். டாக்ரா 1504இல் லண்டன் கிளார்க்கன்வெல்லில் கட்டிய வாயில் மாடம் இன்றைக்கும் நிற்கிறது.

வல்லெட்டாவாசி:

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக மால்டாவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது, ஷிப்ட் முடிந்து வந்து இந்த இழையை முழுக்கப் படித்தேன். நிலாமுற்றம் அக்கா, உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி எங்கள் ஊரில்தான் இருக்கிறது.

1530இல் சபை மால்டாவுக்கு வந்தபோது முதலில் குடியேறிய இடம் பிர்கு, துறைமுகத்தின் அந்தக் கரையில் உள்ள சின்ன ஊர். அங்கே ஒரு சந்தில் ஆங்கில மொழியினரின் விடுதி இன்னும் இருக்கிறது. தேடிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். இரண்டு மாடி, தேன் நிறக் கல், வாசலைச் சுற்றிக் கொஞ்சம் வேலைப்பாடு, அவ்வளவுதான். சந்தும் குறுகல். நான் முதல் தடவை கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டேன். வல்லெட்டாவில் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் காஸ்டீலுக்கும் கட்டிய விடுதிகளைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் யாரோ மறந்து விட்டுப்போன வீடு மாதிரி இருக்கும். வல்லெட்டாவை 1566இல் கட்டத் தொடங்கியபோது ஆங்கிலேயருக்கு அங்கே விடுதி கட்டவே ஆள் இல்லை.

புனித யோவான் பேராலயத்தின் நிலவறையில் பெருந்தலைவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. பெருந்தலைவர் அல்லாத ஒரே ஆள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்: ஆலிவர் ஸ்டார்க்கி, ஆங்கிலேயர். 1565 முற்றுகையில் பெருந்தலைவர் லா வலெட்டின் செயலாளராகக் கூடவே இருந்தவர். லா வலெட் கல்லறை மேலுள்ள லத்தீன் வரிகளையும் அவர்தான் எழுதினார். அவர் டர்கோபோலியர் பதவியில் இருந்தாரா, ஐயா?

பழையஏடு:

டர்கோபோலியரின் பிரதிநிதியாகத்தான் இருந்தார் தம்பி. பதவிக்கு உரியவர் மால்டாவில் இல்லை.

அந்த நிலைக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். எட்டாம் ஹென்றி அரசர் ரோமோடு முறித்துக்கொண்ட பிறகு, 1540இல் நாடாளுமன்றச் சட்டம் போட்டு இங்கிலாந்தில் சபையைக் கலைத்தார். நிலங்கள் அரசருக்கு. பிரையர் வெஸ்டன் அந்த மே மாதமே இறந்துபோனார். அதற்கு முந்தின வருடம் சபையோடு தொடர்புடைய ஏட்ரியன் ஃபோர்டெஸ்க்யூவும் தாமஸ் டிங்லியும் தலை வெட்டப்பட்டார்கள். 1541இல் டேவிட் கன்சனுக்கு மரண தண்டனை. மால்டாவில் இருந்த ஆங்கில நைட்டுகளுக்கு வீட்டிலிருந்து வரும் வருமானம் அறுந்தது. புதிதாகச் சேர ஆள் வருவதும் நின்றது.

அந்த நேரத்தில்தான் நிக்கோலஸ் அப்டன் டர்கோபோலியர். பின்னால் ஒரு நாடில்லை, வருமானம் இல்லை, கீழே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். 1551 ஜூலையில் துருக்கத் தளபதிகள் துர்குத் ரெயிஸும் சினான் பாஷாவும் மால்டாவில் இறங்கினார்கள். அப்டன் குதிரைவீரர்களோடு கரைக்குப் போய் எதிர்த்தார். பருமனான மனிதர், முழுக் கவசம், மால்டாவின் ஜூலை வெயில். எதிரி பின்வாங்கினான். அப்டன் வெயிலின் கொடுமை தாங்காமல் அங்கேயே இறந்தார். காயம்பட்டு இறக்கவில்லை.

மதில்மேல் தம்பிக்கு இந்த ஒரு நாளைக் காட்டுகிறேன். முடிச்சு தளர்ந்தது என்றீர்கள். உள்ளூர்க் குதிரைவீரர்களோடு கரையோரம் பாய்ந்து, இறங்குகிற எதிரியை விரட்டுவது: 1160களின் விதிநூலில் இருக்கும் டர்கோபோலியர் செய்யும் வேலை அதேதான். சபையே கலைந்துபோன நாட்டிலிருந்து வந்த ஒருவர் அதைச் செய்துவிட்டு இறந்தார்.

பிர்குவை விட்டு நகர்ந்த அந்தப் படை கோசோ தீவில் இறங்கி, அங்கிருந்த மக்களில் ஐந்தாயிரம் பேருக்கு மேல் அடிமைகளாகக் கொண்டுபோனது. ஆகஸ்டில் சபை கையில் இருந்த திரிப்போலியும் போயிற்று.

மதில்மேல்:

இதை நான் படித்திருக்கவில்லை. நன்றி ஐயா. இந்த ஒரு நாளுக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

நிலாமுற்றம்:

அப்டனோடு பதவி முடிந்ததா?

பழையஏடு:

பெயர் முடியவில்லை. 1557இல் மேரி அரசி சபையை இங்கிலாந்தில் மீண்டும் நிறுவினார். தாமஸ் டிரெஷாம் பிரையர், ரிச்சர்ட் ஷெல்லி டர்கோபோலியர். 1559இல் எலிசபெத் அரசி நிலங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஷெல்லி நாடு திரும்பாமல் ஐரோப்பாவிலேயே வாழ்ந்து வெனிஸில் இறந்தார். 1582இல் பெருந்தலைவர் வெர்டாலா டர்கோபோலியர் பதவியைப் பெருந்தலைவர் பதவியோடு இணைத்துவிட்டார். கரையோரக் காவல் தொடர்ந்தது, பட்டம் பெட்டிக்குள் போனது.

அப்புறம் இருநூறு வருடம் கழித்து ஒரு திருப்பம். 1782 முதல் 1784 வரை, பெருந்தலைவர் ரோஹான் காலத்தில், பவேரிய ஆட்சியாளர் கார்ல் தியோடோரின் ஆதரவில் 'ஆங்கில-பவேரிய மொழி' என்று புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள். டர்கோபோலியர் பட்டம் அதன் தலைவருக்கு. கிரேக்கப் பெயர், சிரியாவில் பிறந்த வேலை, இங்கிலாந்தின் பங்கு, வைத்திருப்பது ஜெர்மானியர். வல்லெட்டாவில் பவேரிய விடுதி என்று இருக்கிறதே தம்பி, அது அவர்களுக்காக வாங்கியதுதான். 1798 ஜூனில் நெப்போலியன் மால்டாவைப் பிடித்தார். அதோடு சரி.

வடகரை:

எல்லாம் நைட்டுகள், பிரையர்கள், பெருந்தலைவர்கள். அந்த இரவில் இருட்டுக்குள் குதிரையில் போன இரண்டு பேர்? அவர்கள் வம்சம் என்ன ஆனது ஐயா? அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பழையஏடு:

பாலஸ்தீன டர்கோபோல்களைப் பின்தொடர வழியில்லை. சஃபெட்டை 1266இல் எகிப்து சுல்தான் பைபர்ஸ் பிடித்தார், அந்த 50 பேர் இருந்த கோட்டை அப்படிப் போயிற்று. ஆனால் ரோட்ஸில் கரைக்காவல் நின்ற உள்ளூர்க் கிரேக்கர்களைப் பற்றி ஒரு துப்பு கையில் கிடைக்கிறது. 1523 ஜனவரி 1 அன்று நைட்டுகள் சரணடைந்து கப்பலேறியபோது அவர்களோடு தீவு மக்களும் ஆயிரக்கணக்கில் புறப்பட்டார்கள். ஏழு வருடம் அலைந்துவிட்டு, அவர்களில் ஒரு பகுதி மால்டாவில் குடியேறியது. தங்களோடு ஒரு மாதா படத்தையும் கொண்டுவந்தார்கள். டமாஸ்கஸ் மாதா என்று பெயர். அந்தப் படம் வல்லெட்டாவில் கிரேக்கச் சடங்குமுறைக் கத்தோலிக்கர்களின் ஆலயத்தில் இன்றும் இருக்கிறது. ரோட்ஸ் குதிரைக் காவலரின் பேரப்பிள்ளைகள் யாராவது மால்டாவில் முழந்தாளிட்டிருந்தால் அது அந்தப் படத்துக்கு முன்னால்தான் இருந்திருக்கும்.

வல்லெட்டாவாசி:

ஐயா, அந்தத் தெரு வழியாக வாரம் இரண்டு முறை நடக்கிறேன்! ஆலயத்தை வெளியே இருந்து பார்த்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. ஞாயிறு எனக்கு விடுமுறை. காலைப் பூசைக்குப் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். பூசை முடிந்து அனுமதித்தால் போட்டோவும் எடுத்து இங்கே போடுகிறேன். வடகரை அண்ணா, உங்கள் சார்பில் ஒரு மெழுகுவத்தி ஏற்றட்டுமா?

வடகரை:

இரண்டு ஏற்றுங்கள் தம்பி.